கழிவு

பெரியபட்டினம் நண்டுக் கம்பெனியின் கணக்கு
மூன்று வருடமாக என் கையெழுத்தில் இருக்கிறது.
அதில் வட்டி என்ற சொல் கிடையாது.
எத்தனை பக்கம் புரட்டினாலும் கிடைக்காது.

முதலாளி அசன்நெய்னா அப்படிப்பட்டவர்.
வங்கி தானாகப் போட்டுவிடும் வட்டியை
மார்ச் முடிந்ததும் பைசா பிசகாமல் எடுத்து
பஸ் நிறுத்தத்துக் கழிப்பறைக்குக் கதவு போட்டார்.
அடுத்த வருடம் தண்ணீர்த் தொட்டி.
பெயர் எழுத விடவில்லை.
அந்தக் காசில் ஒரு டீ கூட
அவர் தொண்டையில் இறங்கியதில்லை.
கேலியாகச் சொல்லவில்லை இதை.

ரமலான் பதினேழு. லுஹர் தொழுதுவிட்டு வந்து
ஜகாத் கணக்கை எடு என்றார்.
வேனுக்கு இல்லை, ஐஸ் பெட்டிக்கு இல்லை,
சரக்குக்கு உண்டு, ரொக்கத்துக்கு உண்டு,
திரும்பி வரும் கடனுக்கும் உண்டு.
முன்பணம் எவ்வளவு நிற்கிறது?

கருமலையான் வத்தை: தொண்ணூறாயிரம்.

அதையும் சேர்.
நூற்றுக்கு இரண்டரை விட்டுப்போனால்
நாளைக்கு யார் பதில் சொல்வது?

சேர்த்தேன்.
பேனா அடுத்த வரிக்குப் போகவில்லை.

அதே பக்கத்தில் இன்னொரு பத்தி இருக்கிறது:
கழிவு.
வெளியே நண்டு நானூற்றைம்பது போகிற நாளில்
முன்பணம் வாங்கிய வத்தைக்கு நானூறு.
வேறு தராசில் நிறுக்கக் கூடாது.
கிலோவுக்கு ஐம்பது,
நாளுக்குப் பன்னிரண்டு கிலோ,
கச்சான் தூக்காத நாள் இருநூறு.
வருடத்துக்கு ஒரு லட்சத்து இருபதாயிரம்.
மூன்று வருடம்.
தொண்ணூறாயிரம் மட்டும்
ஓதம் ஏறினாலும் வற்றினாலும்
நகராத பார் போலக் கிடக்கிறது.

தண்ணீருக்குள் நீந்தும் மீனை விற்காதே
என்கிறது சட்டம். ஆகாயத்துப் பறவையையும்.
மதரஸாவில் இதை ஓதிய அன்று
அதையெல்லாம் யார் வாங்குவார்கள் என்று சிரித்தோம்.
நாளைய நண்டு
அப்பாத் தீவுக்கு இப்பால் மணலில் புதைந்து
கண்ணை மட்டும் நீட்டிக்கொண்டிருக்கிறது.
அதன் விலை இங்கே எழுதியாகிவிட்டது.

சொன்னேன்.
நண்டு உரிக்கும் பெண்களின் கைகள் நின்றன.
அவர் கோபப்படவில்லை.
அது கடன்; இது வியாபாரம் என்றார்.
ஐஸ், டீசல், வழியில் கெடும் சரக்கு,
தூத்துக்குடியிலிருந்து திரும்பி வரும் பெட்டி.
எல்லாம் உண்மை.
பிறகு, கழிவை மட்டும் தனியாகக் கூட்டு என்றார்.
கூட்டினேன்.
கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு
வெகுநேரம் காகிதத்தைப் பார்த்தார்.
இதற்கு எத்தனை கதவு போட வேண்டியிருக்கும் என்று
நினைத்தாரோ என்னவோ.

மறுநாள் எடைக்கு வந்த கருமலையானிடம்
கடன் தீர்ந்தது, இனி யாருக்கும் விற்கலாம் என்றார்.
கருமலையானுக்கு முகம் செத்துப்போனது.
என்ன தப்பு செஞ்சேன் மொதலாளி?
ஐப்பசியில எஞ்சின் நின்னா யாருகிட்ட போவேன்?
போன்ல கடன் குடுத்தவன்
எம் பொண்டாட்டி படத்தை ஊருக்கே அனுப்புறான்.
நீங்க ஐம்பது பிடிங்க. அறுபது பிடிங்க.
வெரட்டாதீங்க.

அவர் ஒன்றும் பேசவில்லை.
நானூற்றைம்பது போடு என்று சைகை காட்டினார்.
போட்டேன்.

சாயங்காலம் கருமலையான் திரும்பி வந்தான்.
ஈரக் கையால் நோட்டை இரண்டு தடவை எண்ணி
அறுநூறு கூட வந்துருச்சும்மா என்று
மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டான்.

காற்றுக்குப் பறக்காமல்
நீலக்கால் நண்டின் ஓடொன்றை அதன்மேல் வைத்திருக்கிறேன்.
வட்டி என்றால் கழிப்பறைக்கு.
சரக்கு என்றால் இரண்டரை.
இது எந்தப் பத்தி?

பாங்குக்கு இன்னும் எட்டு நிமிடம் இருக்கிறது.
கோடு மட்டும் போட்டிருக்கிறேன்,
தலைப்பு எழுதவில்லை.