நாற்பத்து நாலேகால்

கடையில் டார்சி மூன்று ரம்பங்களை வரிசையாய்க் காட்டி
எதை அறுக்கப் போகிறீர்கள் என்றான்.
எல்லாவற்றையும், என்றான் லென்னார்ட்.
ஓரப்பலகை, என்றேன் நான். ஒரே ஓர் அறைக்கு.

பதினோரு வருடமாகச் சுவரின் கால்மாட்டில்
ஒன்றுமில்லை எங்கள் பின்னறையில்.
தூசிக்குக்கூட ஒதுங்க இடமில்லை.

லென்னார்டின் கை
பன்னிரண்டு அங்குல பிளேடின் மேலேயே இருந்தது,
பந்தயக் குதிரையின் கழுத்தில் இருப்பதுபோல.
சறுக்குத் தண்டுகளை இழுத்தான், தள்ளினான், மறுபடி இழுத்தான்.
தண்டு பின்னால் போக
இரண்டு முழம் இடம் வேண்டும்.
எங்கள் மேசைக்குப் பின்னால் இருப்பது
கொதிகலன்.

பத்து அங்குலம் போதும்.
சறுக்காதது போதும்.
திரும்பும் வழியில் இரண்டு சிக்னல் வரை
அவன் பேசவில்லை.
மூன்றாவதில், பல் அறுபது உள்ள பிளேடு
தனியாக வாங்கியிருக்கலாம் என்றான்.
வாங்கியிருந்தேன். என் மடியில் இருந்தது.

தண்டர் பேயில் பிப்ரவரி.
கராஜுக்கு வெளியே மைனஸ் இருபத்தெட்டு,
உள்ளே மைனஸ் நான்கு.
இரும்பைத் தொட்டால் இரும்பு விடுவதில்லை.
நான்கு போல்ட், கனமான பிளைவுட்,
மட்டம் பார்க்க ஒரு நீர்க்குமிழி,
அதுவும் குளிரில் சுருங்கிச்
சின்னதாகியிருந்தது.

பிளக்கைப் பிடுங்கி என் ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டேன்.
நம்பிக்கை இல்லாமல் இல்லை.
லென்னார்டின் விரல்கள் எனக்குப் பழக்கமானவை.

மூலைமட்டத்தை வேலியில் சாய்த்து
பிளேடின் உடம்போடு ஒட்டினேன்,
பல்லில் படாமல்.
பல் உடம்பை விடத் தடிப்பு,
அதைக் கேட்டால் பொய் சொல்லும்.

பிறகு பிளக்கைச் செருகி ஒரு பலகையை அறுத்தேன்.
ஒரு பாதியைக் கவிழ்த்துப் போட்டு
இரண்டையும் நெருக்கினேன்.
நடுவில் வெளிச்சம்.
கவிழ்த்தால் பிழை இரட்டிக்கும்;
எள்ளளவு கோணல்
இரண்டு எள்ளாய் வந்து உட்காரும்.
வேலியின் இரண்டு திருகுகளைத் தளர்த்தி
ஒரு தட்டு.
மறுபடி.
விறகுக்கூடை நிறைந்தது.
ஐந்தாம் முறை வெளிச்சம் இல்லை.
லென்னார்ட் குனிந்து பார்த்து,
மூச்சுவிட்டு,
பலகைமேல் பனி படியச் செய்தான்.

அறைக்குள் போனோம்.
நாற்பத்தைந்து, நாற்பத்தைந்து.
மூலையில் வைத்தால்
பின்னால் தொட்டுக்கொண்டு
முன்னால் வாய் பிளந்து நின்றன இரண்டும்,
ஏதோ கேள்விப்பட்டதுபோல.

ரம்பத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாம், என்றான்.
வீட்டைத் திருப்பிக் கொடு, என்றேன்.

மூலையை அளந்தோம்.
தொண்ணூற்றொன்றரை.
யாரோ ஒருவன் அறுபது வருடத்துக்கு முன்
கண்ணால் கட்டியது, அல்லது
களிமண் ஏரிப்பக்கம் நகர்ந்து
வீட்டையும் மெல்ல இழுத்துக்கொண்டது.
நூற்றெண்பதில் கழித்து ஆளுக்குப் பாதி:
நாற்பத்து நாலேகால்.

அங்கே ரம்பத்தை நிறுத்துவதுதான் பாடு.
நாற்பத்தைந்தில் ஒரு பள்ளம் குடைந்திருக்கிறது.
முக்கால் பாகை தள்ளி வைத்தாலும்
உன்னை உள்ளே இழுக்கிறது,
இதுதான் சரி, இதுதான் சரி என்று
க்ளிக்.
பிடியை இரு கையாலும் நெறித்துக்கொண்டு நின்றேன்.
லென்னார்ட் பூட்டைத் திருகினான்.
அப்போது எங்கள் தலைகள் முட்டிக்கொண்டன.
யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை.

பலகைகள் மூடின.
ஒரு தாளை நுழைத்துப் பார்த்தான்;
மளிகை ரசீது.
முனை மடங்கிற்று.

அடுத்த பலகையில் பிளேடின் தடிப்பைக் கணக்கில் விட்டு
மூன்று மில்லிமீட்டர் குட்டையாக அறுத்தது நான்தான்.
அதை இங்கேயும் எழுதிவைக்கிறேன்,
அவன் எல்லோரிடமும் சொல்வதற்கு முன்.

இரண்டாவது மூலைக்கு அவன் மண்டியிட்டுப் போனான்.
அளந்தான்.
எதுவும் சொல்லாமல்
சுவரிலேயே பென்சிலால் எழுதினான்:
எண்பத்தொன்பது.

பிளக் என் பையில் சூடாக இருந்தது.