குளிர்பெட்டிக் கதவில்

ஆறு வருடமாகக் குளிர்பெட்டிக் கதவில்
சிவப்பு மையில் ஒரே சொல்:
முட்டை.
கீழே ஊசிப் பேனா இருக்கும் இழுப்பறை,
ஆம்புலன்ஸ் எண், சீவெர்ட்டின் எடை.
எடையை மட்டும் அவ்வப்போது அடித்துத் திருத்துவேன்.

முதல் பிறந்தநாளில் ஒரு வாய் ஆம்லெட்.
உதடு வீங்கியது, பிறகு கண்,
பிறகு அழுகை நின்றுபோனது.
அழுகை நின்றதைத்தான் இன்னும் கேட்கிறேன்.

அன்றிலிருந்து பொட்டலங்களின் முதுகைப் படிப்பவள் நான்.
பொடி எழுத்தில் 'இருக்கலாம்' என்று போட்டிருக்கும்.
இருக்கலாம் என்றால்
எங்கள் வீட்டில் இராது.

வேலை, போட்ஸ்பியூர் நண்டு ஆலையில்.
வேகவைக்கும் கூடத்து ஆவிக்குள்
பதினோரு குளிர்காலம்.
இருமல் இந்த வருடம்தான் வந்தது.
சளி என்றேன், வயது என்றேன்.
சிகரெட்டை விடு என்றான் மேற்பார்வையாளன் ஒட்வார்.
நான் புகைத்ததே இல்லை.

மார்ச்சில் கப்பலேறி ட்ரொம்ஸோ போனோம்,
அவனுக்கு முட்டைச் சோதனை.
செவிலி தராசில் நிறுத்தித் தந்தாள்.
கடுகளவு. இருபது நிமிடம்.
மிளகளவு. இருபது நிமிடம்.
சுண்டைக்காயளவு.
அவன் சட்டையைத் தூக்கி வயிறு பார்த்தாள்,
முதுகு பார்த்தாள்.
நான் ஜன்னலைப் பார்த்து இருமினேன்.

"எத்தனை நாளாக?" என்றார் மருத்துவர் ஐக்கியோ,
அவனைப் பார்த்துக்கொண்டே, என்னிடம்.
இலையுதிர் காலத்திலிருந்து.
"ஞாயிற்றுக்கிழமை?"
குறையும்.
"விடுமுறையில்?"
இருந்ததாக நினைவில்லை.
"திங்கட்கிழமை?"
நான் உட்கார்ந்தேன்.

அலர்ஜி மாத்திரை ஏதும் போட்டாயா என்றார்.
தேன்தான் என்றேன்.
முழங்கைக்குக் கீழே சொட்டு வைத்துக் குத்தினார்கள்.
நண்டுச் சொட்டு மட்டும் எழும்பிற்று,
கொசுக்கடி போல, பிறகு கொசுவுக்கு மேலே.
"சொறியாதே அம்மா," என்றான் சீவெர்ட்,
துறை வல்லுநர் தோரணையில்.
ஒன்பது மில்லிமீட்டர்.

அதற்குள் அவன் முட்டை முழுவதும் தின்று முடித்திருந்தான்.
கூடுதலாக இரண்டு மணி நேரம் காத்திருந்தோம்.
ஒன்றும் வரவில்லை.
"இதுக்கா இவ்வளவு?" என்றான்.
இனி வாரம் மும்முறை தின்ன வேண்டும், உத்தரவு.
அவனுக்கு முட்டை பிடிக்கவில்லை.

எனக்கு ஒரு குழாய் தந்தார்கள்.
இரண்டு வாரம், நாளுக்கு நான்கு முறை ஊதி
எண்ணை எழுதிவைக்க வேண்டும்,
வீட்டிலும், வேலையிலும்.
கையில் எழும்பியது பாதிச் சாட்சிதானாம்.

வீடு வந்ததும் அவன் முட்டையை அடித்தான்.
நாற்காலி போட்டு ஏறி, நாக்கைக் கடித்து,
நண்டு என்று எழுதினான், 'ண்' இல்லாமல்.
எடை என்ன என்றான்.
மூன்று கிலோ குறைத்துச் சொன்னேன்.
"மருந்துக்குப் பொய் ஆகாது" என்றான்.

இந்த ஊரில் நண்டைத் தவிர
பனிதான் இருக்கிறது.

திங்கட்கிழமை காலை
ஆலைக் கூரையில் ஆவி எழுந்தது.
தெருவின் இந்தப் பக்கம் நின்று ஊதினேன்.
முந்நூற்றுத் தொண்ணூறு.
எழுதிக்கொண்டு
தெருவைக் கடந்தேன்.