நிலம் என்று எழுதியிருந்தது

கிணத்துக்கடவில் பதினோரு வருஷம்
ஜாக்கெட் தைத்த காசு.
கொழிஞ்சாம்பாறையில் ஏழு சென்ட்.
கிழக்கே பஞ்சாயத்துப் பாதை,
மேற்கே கிட்டுச்சாமி வகையறா தோப்பு,
வடக்கே யாருக்கும் சொந்தமில்லாதது போல்
ஆறு பனை.

ஆதாரம் ரெடி என்றார்கள்.
எதற்கு ஆதாரம் என்றேன்.
நம் பத்திரம்தான் அங்கே ஆதாரம்.
அத்தனை மலையாளத்தில்
எழுத்துக் கூட்டிப் படித்து எனக்குப் புரிந்த ஒரே சொல்
நிலம்.
அதன்மேல் ஒரு விரலை வைத்துக்கொண்டே
கையெழுத்துப் போட்டேன்.

வில்லேஜ் ஆபீஸில் ரெஜீனா மேடம்
“போக்குவரவு ஆச்சா?” என்றார்.
“ரெண்டு பஸ், ஒன்றேகால் மணி நேரம்” என்றேன்.
கண்ணாடி மூக்கில் இறங்கும்வரை சிரித்தார்.
விற்றவர் பேர் போய்
என் பேர் வருவதாம் அது.
வந்த பேருக்கும் ஒரு நம்பர்: தண்டப்பேர்.
என் பேரா தண்டம்?
கரம் கட்டுகிறவளுக்கு
சர்க்கார் வைக்கும் பேர், கோபிக்காதே என்றார்.

வில்லங்கம் அங்கே குடிக்கடம்.
அதை மட்டும் யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அளக்க வந்த சஜீவன்
சர்வே கல்லைக் காணாமல் அரை நாள் அலைந்தார்.
கரையான் புற்றைக் கடப்பாரையால் தட்டியபோது
டங்கென்றது.
இரண்டு புள்ளி எட்டு மூன்று ஆர் என்று எழுதினார்.
“ஆர் அது?” என்றார் என் வீட்டுக்காரர் மருதாசலம்.
நாலு பக்கமும் டேப் ஓடியது.
இருபது வருஷமாய் நானும் டேப் பிடிக்கிறவள்,
அவர் இழுவையில் தொய்வே இல்லை.

அப்புறம்தான்
பஞ்சாயத்திலிருந்து ப்ளான் திரும்பி வந்தது.

நிலம் என்றால் அங்கே நெல்வயல்.
வயலில் வீடு கூடாது.
வீட்டுக்கு வேண்டிய சொல் புரையிடம்.
புரியாத சொல்லையெல்லாம்
பத்துப் பேரிடம் கேட்டேன்;
புரிந்ததைத்தான் கேட்காமல் விட்டேன்.

நெல்லா?
கடலைச் செடியே தலை தொங்கும் மண்.
நாற்று கண்ட ஞாபகம்
கிட்டுச்சாமிக்கே இல்லை.
ரெஜிஸ்டரில் மட்டும் இன்றைக்கும்
கணுக்கால் தண்ணீர், பச்சைப் பயிர்.

மனு கொடுத்தாயிற்று.
கிருஷி ஆபீஸர் வந்தார், குந்தினார்,
ஒரு கட்டியை எடுத்து உள்ளங்கையில் நொறுக்கினார்,
ஊதினார்.
என்னவோ எழுதிக்கொண்டு போனார்.
அது நடந்து ஏழு மாசம்.

மிஷின் டிராயரில், பாபின்களுக்கு அடியில்
ப்ளான் மடித்திருக்கிறது.
ரெண்டு ரூம், ஒரு சமையல்கட்டு,
சுற்றிலும்
தையலுக்குப் பிடிக்க விடுவதுபோல்
விட்ட இடம்.