பதினெட்டா, இருபத்தெட்டா

ஆடிப் பதினெட்டு, ஒகேனக்கல்.
முதுகில் எண்ணெய் வழிய
மேளக்கார முனிரத்தினத்திடம்
போனில் பேரம் பேசுகிறார் அப்பா.

அருவி இரைச்சலில் எதுவும் விழவில்லை.
"பதினெட்டா? இருபத்தெட்டா?"
மசாஜ்காரர் தோளில் ஓங்கி ஒன்று வைக்க
"ஆ... சரி, சரி" என்றுவிட்டார்.
பேரம் முடிந்தது.
எவ்வளவுக்கு என்றுதான் தெரியவில்லை.

வறுத்த வாளையில் முள் எடுத்தபடி
மண்டப வாடகை, பந்தி, பூ என்று
மறுபடி முதலிலிருந்து கூட்டுகிறாள் அம்மா.
டிஜே போதும் என்கிறான் கோகுல்;
பென்னாகரம் தாண்டிய வளைவுகளில்
வாந்தி எடுத்த வாய்.

ஆவணியில் எனக்குக் கல்யாணம்.
என்னிடம் கேட்டது பரிசல்காரர் மட்டும்தான்:
"சுத்தட்டுமா பாப்பா?"
சுத்துங்க என்றேன்.
பாறை, வானம், அம்மாவின் கூடை,
பாறை, வானம்.

இருட்டியதும் தருமபுரி பஸ்ஸில்
முனிரத்தினத்தின் குரல் செய்தி:
"இருபத்தெட்டுங்க. நீங்க சரின்னீங்களே,
பம்பைக்கு நாலு பேரும் சேர்த்து."

பம்பையா, யார் கேட்டது என்று
அம்மா அப்பாவைப் பார்க்க
அப்பா தோளைத் தடவிக்கொண்டார்.

ஜன்னல் கம்பியில்
என் விரல்கள் ஏற்கெனவே
தட்டத் தொடங்கியிருந்தன.