நாற்பதுக்குள்

ஒரு நிமிஷத்துக்கு நாற்பதைத் தாண்டினால்
யோசிக்காமல் கிளம்பி வந்துடுங்க என்றார் டாக்டரம்மா.
வேலூரிலிருந்து குடியாத்தம் திரும்பும் பஸ்ஸில்
அந்த எண்ணை மட்டும் முந்தானையில் முடிந்துகொண்டேன்.
மற்றதெல்லாம் சீட்டில் இருக்கிறது.

எண்ணுவது எனக்குப் புதிதில்லை.
பதினோரு வருஷமாக எண்ணுகிறேன்.
இருபத்தைந்து பீடி ஒரு கட்டு,
நாற்பது கட்டு ஆயிரம்.
நாற்பதைத் தாண்டிய நாள்
எனக்கு நல்ல நாள்.

மிதுனாவின் சட்டையைத் தூக்கிவிட்டு
செல்போன் வெளிச்சத்தில் வயிற்றைப் பார்க்கிறேன்.
ஏறி இறங்கினால் ஒன்று.
விலாவுக்கு நடுவே குழி விழுகிறதா,
கழுத்துப் பள்ளம் உள்ளே போகிறதா,
மூக்கு விடைக்கிறதா.
இருபத்தைந்து வந்ததும்
விரல் தானாக நூலைத் தேடியது.
சீ, என்று கையை உதறிவிட்டு
மறுபடி ஒன்றிலிருந்து.

முப்பத்தெட்டு.
அரைமணி கழித்து முப்பத்தொன்பது.
நடுவில் இருமினால் அதையும் சேர்க்கணுமா
என்று கேட்காமல் வந்துவிட்டேன்.

"வீட்ல யாராச்சும் பீடி, சிகரெட் பிடிப்பாங்களா?"
இல்லைங்க, யாரும் பிடிக்கிறதில்லை.
உண்மைதான்.
அவர் குனிந்து எழுதும்போது
விரல் நுனிகளை உள்ளங்கைக்குள் மடக்கி வைத்திருந்தேன்.
அதுவும் உண்மைதான்.

அன்றே முறத்தைத் தூக்கிப் பின்கட்டுக்குப் போனேன்,
குழாயடிக்குப் பக்கத்தில், தகரத்துக்குக் கீழே.
சுற்றி முடித்ததும் தலைக்கு ஊற்றிக்கொண்டுதான்
அவளைத் தொடுவது.
முதல் ராத்திரி மோந்து பார்த்துவிட்டு
"நீ அம்மா இல்ல" என்று திரும்பிப் படுத்துக்கொண்டாள்.
அழுக்குக் கூடையிலிருந்த என் பழைய புடவையை
இழுத்து வந்து மூடிக்கொண்டாள், தூளோடு.
அவள் தூங்கிய பிறகு
அதை மெல்ல உருவ வேண்டியிருந்தது.

பம்ப்பை எடுத்தால்
முதலில் கரடி பொம்மைக்கு ஒன்று.
அப்புறம்தான் அந்த மீன் முகமூடியை
வாயில் வைக்க விடுவாள்.
பெங்களூரில் சென்ட்ரிங் வேலையிலிருந்து அவர் கேட்கிறார்:
"தினம் அடிச்சா பழகிடாதா ஜோதி?"
பழகட்டும்.
மூச்சும் ஒரு பழக்கம்தானே.

நாலு மணி.
தெருவில் குட்டி மேளம் தட்டத் தொடங்கிவிட்டார்கள்.
போகி.
இலை சுற்றி வைக்கும் ஈரச் சாக்கை எடுத்துக்
கதவடியில் திணித்தேன்.
ஜன்னல் இடுக்கில் துண்டு, பாவாடை, பழைய பனியன்.
எல்லோரும் வெளியே எறிவதையெல்லாம்
நான் கதவுக்கு உடுத்திக்கொண்டிருந்தேன்.

பிறகு பொறுக்க முடியாமல் வெளியே போனேன்.
கோரைப்பாய், உடைந்த முறம், காலண்டர் அட்டை,
அதன்மேல் ஒரு லாரி டயர்.
"தம்பி, பாய எரிங்க, பரவாயில்ல.
டயர் மட்டும் வேணாம். பாப்பாவுக்கு இழுப்பு."
தண்டபாணி மகன் லோகேஷ்
தீப்பெட்டியை டவுசரில் போட்டுக்கொண்டான்.
வாக்குவாதத்துக்கு வாய் திறந்து வைத்திருந்த எனக்கு
அதை மூடத் தெரியவில்லை.
நாலு பையன்கள் சேர்ந்து
டயரை உருட்டிக்கொண்டு போனார்கள்
அடுத்த தெருவுக்கு.

நிம்மதியாகத்தான் இருந்தது.
கதவைச் சாத்தும்போதுதான்,
அங்கே எந்த வீட்டில் யார்
சட்டையைத் தூக்கிவிட்டு எண்ணுகிறார்களோ
என்று வந்தது.
திரும்பிப் போய்ச் சொல்லவில்லை.
அதையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

கை கழுவினேன். முழங்கை வரைக்கும்.
கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

முப்பத்துநாலு.
விடியும்போது முப்பது.
சத்தம் குறைந்தாலும் ஏமாந்துவிடாதீங்க என்றிருக்கிறார்,
அதனால் அந்த முப்பதை
இரண்டு முறை எண்ணினேன்.
இரண்டாவது முறை நடுவிலேயே
கண்ணைத் திறந்துவிட்டாள்.

"கதவுக்கு ஏம்மா
டிரஸ் போட்டிருக்க?"

முழு வாக்கியம்.
நடுவில் ஒரு இடத்திலும்
நிற்கவில்லை.