மூன்றாவது நுழைவாய்

வெளியே மைனஸ் இருபத்தேழு.
கராஜில் ஸ்பானரைத் தொட்டால் தோல் ஒட்டிக்கொள்ளும்.
ஆகவே சிலிண்டர் ஹெட்டைப் பழைய துண்டில் சுற்றிச்
சமையலறை மேசைக்கே தூக்கி வந்தேன்,
பிரசவ வார்டிலிருந்து வீடு திரும்புகிறவள் மாதிரி.
ராய்னே ரொட்டித் தட்டை நகர்த்தி இடம் கொடுத்தார்.
ஒன்றும் கேட்கவில்லை.
அலுமினியத் தூள் வெண்ணெயில் விழுந்த பிறகுதான்
"துய்ரே" என்றார்,
ஒரே ஒரு தடவை.

பகலில் நான் பல் செய்கிறவள்.
ஈசல்மியில் பாதிப்பேர் ரொட்டி கடிப்பது
என் கடைவாய்ப் பற்களால்.
தேய்ந்துபோன அரமுனைகளை எறியாமல் சேர்த்துவைத்திருந்தேன்.
பல்லுக்கு ஆகாதது டாட்சனுக்கு ஆகும்.

பெரிய வித்தை ஒன்றுமில்லை.
வார்ப்பில் விட்டுப்போன தழும்பைச் சுரண்ட வேண்டும்.
கேஸ்கெட்டின் ஓட்டைக்கு நேராக இந்த ஓட்டையும் நிற்க வேண்டும்.
துளையை அகலமாக்கினால் போதும் என்று நினைக்கிறவர்கள்
மெதுவான கார் ஓட்டுகிறார்கள்.
காற்றுக்கு ரோஷம் அதிகம்.
உள்வளைவில் அவசரமாகத் தோண்டிவிட்டால்
சுவரோடு பேச்சுவார்த்தையை முறித்துக்கொண்டு
தனியே நின்று சுழலும்.

இரவில் வால்வுகள்.
ரப்பர் உறிஞ்சி வைத்த குச்சியை
இரண்டு உள்ளங்கைக்கு நடுவே மத்தாகக் கடைந்தேன்.
முதலில் கரகர.
அப்புறம் சரசர.
அப்புறம், வெகுநேரம் கழித்து,
ஒன்றுமில்லை.
அந்த ஒன்றுமில்லாததற்காகத்தான் எட்டு இரவுகள்.

மூன்றாவதில் கை ஒரு நொடி கூடுதலாக நின்றது.
ரேடியோவில் யாரோ கோல் போட்டார்கள், அவ்வளவுதான்.
முனையின் குரல் மெலிந்தது.
உடைவதற்கு முன்னால் பீங்கான் கிரீடம் எழுப்புகிற குரல்,
அது எனக்குத் தெரியும்.
சுவருக்கு அந்தப்பக்கம் தண்ணீர் ஓடும் வழி.
நகத்தால் தட்டிப் பார்த்தேன்.
ராய்னேவிடம் சொல்லவில்லை.

அண்ணத்துக்கு அச்செடுக்கும் இளஞ்சிவப்பு சிலிகானை
நான்கு நுழைவாயிலும் ஊற்றி, இறுகியதும் உருவினேன்.
நான்கு நாக்குகள்.
மூன்று வழவழவென்று, கொஞ்சம் பெருமையோடு.
ஒன்றின் ஓரத்தில் மட்டும்
பட்டாணி அளவு ஒரு வீக்கம்.

மே மாதம். ஜல்லிக்குழிப் பாதை.
வளைவில் கியரைக் குறைத்து மிதித்தபோது
டாட்சன் ஒரு கணம் மூச்சை இழுத்தது.
முதுகு இருக்கையில் ஒட்டியது.
நான் கத்தினேனாம், ராய்னே சொன்னார்.
இரண்டாமிடம்.

எங்கள் பந்தயத்தில் ஒரு விதி:
ஓடி முடித்த காரை எவர் கேட்டாலும்
குறித்த விலைக்குக் கொடுத்துவிட வேண்டும்.
உள்ளே நீ எத்தனை இரவைக் கொட்டியிருந்தாலும்
விலை ஏறாது.
யாரும் பணத்தைக் கொட்டிப் புத்திசாலியாகிவிடக் கூடாதே என்று.
நல்ல விதி.
போன வருடம் நானே ஒருவருடையதைக் கேட்டு வாங்கினேன்.

ஏழு பேர் கேட்டார்கள்.
ஹெல்மெட்டுக்குள் ஏழு சீட்டு.
பன்றிப்பண்ணை ஒஸ்மோவுக்கு விழுந்தது.
நாற்பது ஐம்பது யூரோத் தாள்களை
எச்சில் தொட்டு எண்ணிக் கொடுத்தார்.
"உள்ளே என்னம்மா செய்துவைத்திருக்கிறாய்?"
"சுத்தம் செய்தேன்" என்றேன்.
பொய்யில்லை.
டிரெய்லரில் ஏறிப் போனது, பின்விளக்கு இல்லாமல்.

நாக்குகள் ஜன்னல் விளிம்பில் இருக்கின்றன.
ஒரு கார் போனபின் அதன் காலியிடம் மட்டும்
ஒருத்தியிடம் மிஞ்சுவது விசித்திரம்.
காபி கொதிக்கும்வரை மூன்றாவதைக் கையில் உருட்டுகிறேன்.
ராய்னே அதைக் கண்டும் காணாமல்
பேப்பரைத் திருப்புகிறார்.

ஜூன் பிறந்து வெயில் ஏறியது. இருபத்தொன்பது டிகிரி.
நாளை கியுருவெசியில் பந்தயம், ஒஸ்மோவின் பெயரும் பட்டியலில்.
சூடேறினால் அந்தச் சுவர் என்ன செய்யும்?
ஒன்றும் செய்யாமலும் இருக்கலாம்.
ராத்திரி பத்து மணி, சூரியன் இன்னும் போகவில்லை.
எண்ணை அழுத்தினேன்.

எடுத்தார். பின்னால் அது ஓடிக்கொண்டிருந்தது,
நான் கடைந்தெடுத்த நிசப்தத்தின் மேல் உட்கார்ந்து
சீராக.
"கேட்கிறதா, துய்ரே? எப்படிப் பாடுகிறது பார்!"
கேட்டது.
விதியில் இதற்கெல்லாம் இடமில்லை.
"ஒஸ்மோ," என்றேன், "எஞ்சினை நிறுத்துங்கள் கொஞ்சம்.
மூன்றாவதில்..."