யார் பார்த்த வேலை இது

பிரைட்லிங்ஸீயில் மார்ச் மாதச் சேறு
இன்னும் கண் விழிக்கவில்லை.
இரண்டு வயிறுகளையும் கட்டைகள்மேல் ஏற்றி
நிறுத்தியிருக்கிறார்கள் என் படகை.
அடியில் மல்லாந்து கிடக்கிறேன்.
வாரநாட்களில் மற்றவர்கள்தான் இப்படிக் கிடப்பார்கள்,
வாயைத் திறந்து, கூரையைப் பார்த்து.
நான் பல் மருத்துவர்.

"கேட்டமரான் உங்கள் பாஷைச் சொல்லாமே"
என்பார் யார்டு வைத்திருக்கும் கெய்த் ட்ரெவெட்,
ஒவ்வொரு வசந்தத்திலும் புதிதாக.
கட்டு, மரம் என்று பிரித்துக் காட்டுவேன்.
இதில் கட்டும் இல்லை, மரமும் இல்லை;
கண்ணாடி இழை, பிசின்,
எழுபத்து நாலாம் வருடத்து அச்சு.
அடுத்து, உங்கள் ஊர்க் கடற்கரை எப்படி இருக்கும் என்பார்.

திருச்செங்கோட்டில் ஏது கடற்கரை.
அங்கே மிதப்பவை போர்வெல் லாரிகள்.
ஆயிரத்து இருநூறு அடி இறங்கியும்
வெள்ளைப் புழுதி மட்டும் புகையாக மேலே வரும்.
பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டுப் படுக்கப் போவார்கள்.
இங்கே மூன்று மில்லிமீட்டர் துளைத்தால் போதும்,
தண்ணீர்.

அம்மை வார்த்த உடம்புபோலக் கொப்புளங்கள்.
முனை பட்டதும் ஒரு சொட்டு,
பழுப்பாய், பிசுபிசுப்பாய்,
காடி நெடியோடு.
ஐம்பது வருடம் தொட்டுக்கொண்டே இருந்தால்
எந்தத் தோலும் கொஞ்சம் குடிக்கத்தான் செய்யும்.
ஒவ்வொன்றையும் சுற்றி சாக்பீஸ் வட்டம், ஓர் எண்.
இடது வயிற்றில் நூற்று முப்பத்தொன்று.

தெரிந்த வேலைதான்.
சொத்தையைச் சுரண்டு. கழுவு.
ஓரத்தைச் சரித்துவிடு.
ஈரம் போகக் காயவை (இதற்கு மட்டும் இரண்டு மாதம்).
ஐந்துக்கு ஒன்று குழைத்து அடை.
இறுகியதும் தேய்:
எண்பது, நூற்றிருபது, இருநூற்று நாற்பது.
அடைத்த பல்லை நாக்கு தடவிப் பார்க்குமே,
அந்த நாக்குக்குப் பதில் இங்கே என் விரல்நுனி.
கண்ணை மூடிக்கொண்டால்
மேடு பள்ளம் இன்னும் நன்றாகத் தெரியும்.

நேற்று வலது வயிற்றுக்கு வந்தேன்.
கறுப்புக்குக் கீழே நீலம்,
நீலத்துக்குக் கீழே காய்ந்த ரத்தச் சிவப்பு,
தூசியெல்லாம் என் புருவத்தில்.
சிவப்புக்குக் கீழே, கீலுக்குப் பக்கத்தில்,
இளஞ்சிவப்பாய் ஓர் ஒட்டு.
காருக்குப் பூசுகிற மக்கு.
ஓரம் சரிக்கவில்லை. தேய்க்கக்கூட இல்லை.
ஈரத்தின் தலைமேல் மூடியைப் போட்டு
எழுந்து போயிருக்கிறான்.

எங்கள் தொழிலில் இதை வாய்விட்டுச் சொல்லமாட்டோம்.
முகக்கவசத்துக்குள் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு,
"முன்னாடி எங்கே பார்த்தீங்க?" என்று
தேன் தடவிக் கேட்போம்.
இங்கே யார் இருக்கிறார்கள்.
"எவன்டா நீ" என்று கத்தினேன்,
அவன் அப்பன் பாட்டன்வரை போனேன்.
மூன்று படகு தள்ளி கெய்த்
தேநீர்க் கோப்பையை உயர்த்திக் காட்டினார்.

டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தபோது தெரிந்தது:
மக்கில் ஒரு கட்டைவிரல் ரேகை.
சுழியின் குறுக்கே நேராக ஒரு வெட்டு.
ஒன்பது வயது ரூபர்ட்,
கையுறையோடு சேர்த்துக் கடித்த தழும்பு.

படகு வாங்கிய முதல் வருடம்.
ஈஸ்டருக்குள் இறக்கிவிட வேண்டும் என்ற வெறி.
மீட்டரில் முள் இருபத்தேழில் நின்றதும்
மீட்டர்தான் கெட்டுவிட்டது என்று
கடையில் திருப்பிக் கொடுத்ததும்
நான்தான்.

விரலை அதன்மேல் வைத்துப் பார்த்தேன்.
பொருந்தியது, கொஞ்சம் தடித்திருக்கிறது விரல்.
பெயர்த்தேன். அதே சொட்டு. அதே காடி.
சுற்றி ஒரு வட்டம் போட்டு
நூற்று முப்பத்திரண்டு என்று எழுதினேன்.

"ஈஸ்டருக்கு இறக்கலாமா?" கெய்த் கேட்டார்.
"காயலை" என்றேன், தமிழிலேயே.
அவருக்குப் புரிந்துவிட்டது.
இரண்டு வயிற்றுக்கும் சேர்த்து
இன்னொரு மாத வாடகையை
எண்ணிக் கொடுத்தேன்.